பியானோவா, கீபோர்டா? லாபிஸ் வீடுகளுக்கு எது பொருந்தும்

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்த பெற்றோர் முதலில் விசாரிப்பது விலையைத்தான். லாபிசில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: சுருதி சேர்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? சிகாமட்டுக்கும் யோங் பெங்குக்கும் நடுவே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறிய ஊர் இது. கடைக்காரர் பியானோவை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதற்குச் சுருதி சேர்த்தாக வேண்டும். ஆள் வெளியூரிலிருந்து வருவதானால் ஒவ்வொரு முறையும் கூலியோடு பயணச் செலவும் சேரும்.

ஏன் இவ்வளவு பராமரிப்பு? பியானோவின் உள்ளே பார்த்தால் விளங்கும். 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள். பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 டன் அளவுக்கு வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. கம்பிகளின் அதிர்வைப் பெருக்கி அறை முழுவதும் கேட்க வைப்பது பின்னாலுள்ள மெல்லிய மரப்பலகை. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலகை உப்பினால் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும், உலர்ந்தால் இறங்கும். பியானோவுக்கு உகந்த ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு. நம் மலேசியாவிலோ அது 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கம்பியில் துரு ஏறுகிறது. கட்டையைத் தாங்கும் ஊசியைச் சுற்றியுள்ள கம்பளித் துணி உப்பிக்கொள்கிறது; அழுத்திய கட்டை மேலே எழாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இரவில் மட்டும் ஏர்கோன் போடும் அறையில் வைத்தால் இன்னும் மோசம். ஒரே நாளில் பலகை உலர்ந்தும் உப்பியும் அல்லாடும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகப் பியானோ தருவது எது என்பதைத் தெரிந்துகொள்ள, மேல்மூடியைத் திறந்து ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள். கட்டையின் மறுமுனை எழும்பி, நெம்புகோல்கள் வழியாக, கம்பளித் தலை வைத்த சிறு சுத்தியலைக் கம்பியை நோக்கித் தள்ளும். கம்பியைத் தொடச் சில மில்லிமீட்டர் இருக்கும்போதே நெம்புகோல் சுத்தியலை விட்டுவிடும். மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியை எட்டாமலே திரும்புவதைக் கண்ணால் காணலாம். வேகமாக அழுத்தினால் அது தன் வேகத்திலேயே போய்க் கம்பியில் மோதி உடனே விலகும். விலகாமல் ஒட்டிக்கொண்டால் ஒலி அமுங்கிவிடும். 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தொபோரி இந்த நுட்பத்தை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் விரல் எப்படி விழுந்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பியானோவில் ஒலியின் வலுவை விரலின் வேகம் முடிவு செய்கிறது. தொடக்கநிலை மாணவர் கற்க வேண்டிய முதல் பாடமே இதுதான் என்பது என் கருத்து. சுரங்களைப் படிப்பதெல்லாம் அப்புறம்.

கீபோர்டில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ் ஒன்று, அதில் இரண்டு மின்தொடர்புப் புள்ளிகள். கட்டை இறங்கும்போது ஒன்று முன்னால் தொடும், மற்றது பின்னால் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நொடித்துகளை அளந்து விரலின் வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. அந்த வேகத்துக்கு ஏற்ற ஒலியை, முன்பே பதிவு செய்து வைத்ததிலிருந்து எடுத்துத் தருகிறது. மலிவான பொம்மைக் கீபோர்டுகளில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். அதில் பழகிய பிள்ளை கிறிஸ்தொபோரிக்கு முந்திய காலத்தில் பழகியதாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது: டிஜிட்டல் பியானோ. ஒலி மின்னணுவில் பிறந்தாலும் 88 கட்டைகளும் எடையுள்ளவை. உள்ளே சிறு சுத்தியல்கள் அசைந்து பியானோவின் கனத்தை விரலுக்குத் தருகின்றன. சுருதி சேர்க்கும் வேலையே கிடையாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் தாமானில் அடுத்த வீட்டுக்காரர் தூக்கமும் கெடாது.

நம் வீடுகளில் இசை என்றால் கிரேடு தேர்வு மட்டும் அன்று; தேவார வகுப்பு, கோயில் பஜனை, தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. அங்கே பாடுகிற பெண்பிள்ளை ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுவாள், அடுத்து வரும் ஆண் ஒன்றரைக் கட்டைக்கு இறங்குவார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிவிட்டுப் பழகிய விரலிலேயே வாசிக்கலாம். பியானோவில் அந்த வசதி இல்லை. சுரத்தை வளைத்துக் கமகம் காட்டுவதும் பியானோவால் முடியாது. கீபோர்டின் இடப்பக்கம் உள்ள சக்கரத்தால் அதை ஓரளவு கொண்டுவரலாம். கே. சத்யநாராயணன் கீபோர்டிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ஏ. ஆர். ரகுமானும் இளமையில் தம் தந்தை விட்டுச்சென்ற மின்னிசைக் கருவிகளோடு வளர்ந்து, கீபோர்டு கலைஞராகத்தான் திரைத்துறைக்குள் வந்தார். ஆகவே கீபோர்டைக் காசில்லாதவர் வாங்கும் பியானோ என்று யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். அது தனக்கென்று வேலையுள்ள தனிக்கருவி.

தேர்விலும் அப்படியே. டிரினிட்டி கல்லூரி கீபோர்டுக்கென்று தனியாகக் கிரேடு தேர்வு நடத்துகிறது. நம் நாட்டுப் பிள்ளைகள் அதிகம் எழுதும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் பியானோ உண்டு, கீபோர்டு இல்லை. வீட்டில் ஸ்பிரிங் வைத்த லேசான கட்டைகளில் பழகிவிட்டுத் தேர்வு அறையில் அசல் பியானோ முன் உட்காரும் பிள்ளைக்கு விரலில் வலு போதாது. மெல்லிய இடங்களில் சத்தமே எழும்பாமல் போகும். அதனால் ஆசிரியர் எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறார் என்பதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வெள்ளத்தையும் இடியையும் நினைக்காமல் இங்கே எதையும் வாங்க முடியாது. சிகாமட் மாவட்டம் 2011லும் 2023லும் பெருவெள்ளத்தைக் கண்டது. சுவரோரப் பியானோ 200 கிலோ அளவுக்கு வரும்; தண்ணீர் ஏறும் நேரத்தில் அதை மாடிக்குத் தூக்க யாரால் முடியும்? மேசையில் வைக்கும் டிஜிட்டல் பியானோ 12 கிலோ அளவுதான். ஆனால் மின்கருவிக்கு இடி எமன். மழை இருட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. பியானோ கிரேடு எழுதப்போகும் பிள்ளைக்கு எடையுள்ள 88 கட்டை கொண்ட டிஜிட்டல் பியானோ. பாட்டுக்கும் பஜனைக்கும் வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு, விரல் வேகத்தை உணரும் 61 கட்டைக் கீபோர்டு. பெடல் செருக இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசல் பியானோவை நான்கைந்து கிரேடு முடித்தபின் யோசிக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் பழைய பியானோக்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. கம்பியை முறுக்கும் ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று டியூனர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கட்ட வேண்டாம். வாங்கினால் உள்ளே ஈரம் போக்கும் சூட்டுக் குழாய் பொருத்தச் சொல்லுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் ஒரே கட்டையை மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். சத்தத்தில் வித்தியாசம் கேட்கவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.