கபினியில் திறந்தால் நாகமரையில் யார் சொல்வது?

ஏரியூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாகமரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கபினியில தண்ணி திறந்துட்டாங்கன்னு டிவியில சொல்றாங்க. சென்னையில இருக்கறவங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. ஆனா அணைக்குள்ள சோளம் போட்டிருக்கற எங்க பெரியப்பாகிட்ட, மாட்டை மேட்டுக்கு ஓட்டுங்கன்னு யாரு வந்து சொல்லணும்? அது யாரு வேலை?"

நல்ல கேள்வி. பதில் சொல்லி முடிக்க ஒரு டீ போதாது என்று இன்னொன்று சொன்னேன்.

"அணைக்குள்ள" என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மேட்டூர் அணையின் தேங்கல் நீர் நாகமரை, ஒட்டனூர் வரை வந்து நிற்கிறது. நீர்மட்டம் இறங்கினால் வண்டல் வெளியே வரும். அதில் உழுது விதைப்பார்கள். எதிர்க்கரையில் பண்ணவாடியில், அணை கட்டியபோது மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடியை ஒட்டித்தான் இருந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டு அணை நிரம்பிவிட்டது. ஒரே மாதத்தில் 80 அடி! நந்தி நின்ற இடத்தின் மேல் பரிசல் போனது.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி தொடர்ந்து வந்தால் ஒரு நாளைக்கு 8.64 டி.எம்.சி. அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். பதினோரு நாளில் காலி அணையும் நிரம்பிவிடும். அதிலும் அடியில் இடம் குறுகல். ஆகவே முதல் அடிகள் கிடுகிடுவென்று ஏறும். தம்பியின் பெரியப்பா சோளம் போட்டிருப்பது அந்த முதல் அடிகளில்தான்.

ஆனாலும் இது திடீரென்று வந்து விழுகிற ஆபத்து இல்லை. கர்நாடக அணைகளான கபினியிலோ கிருஷ்ணராஜ சாகரிலோ திறந்த தண்ணீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவுக்கு வர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அங்கே மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. பிறகு ஒகேனக்கல், அதன் பிறகு நாம். நமக்குக் கையில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை யார் எப்படிச் செலவழிப்பது என்று கோடையிலேயே பேசி வைத்துக்கொள்வதைத்தான் பேரிடர்த் திட்டம் என்கிறார்கள்.

ஏன் பேசி வைக்க வேண்டும்? அளவெடுக்கிறவரிடம் படகு இல்லை. படகும் கயிறும் உயிர்காப்புச் சட்டையும் தீயணைப்பு நிலையத்தில் இருக்கின்றன. எந்த வீட்டில் நடக்கமுடியாத பாட்டி இருக்கிறார் என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. கிராம உதவியாளருக்குத் தெரியும். பரிசலை நிறுத்து என்று உத்தரவு போடுவது ஆட்சியர். துறையில் நின்று மறிப்பது போலீஸ். ஜே.சி.பி.யும் குடிநீர்த் தொட்டியும் உள்ளாட்சிகளிடம். பாம்புக்கடிக்கு மருந்து ஆஸ்பத்திரியில். வெள்ளம் ஏறினால் பாம்பும் மேட்டுக்குத்தானே வரும்! கரையோர மோட்டார்களுக்குக் கரண்டை நிறுத்துவது மின்வாரியம். யாரிடமும் முழுசாக எதுவும் இல்லை. ஆளுக்கொரு துண்டு.

இந்தத் துண்டுகளை ஒரு மேஜைக்குக் கொண்டுவரத்தான் 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம், எஸ்.பி.யும் மாவட்ட மருத்துவ அதிகாரியும் அதில் உறுப்பினர்கள். உள்ளாட்சிகளைக் கலந்து மாவட்டத் திட்டம் எழுத வேண்டும், வருஷா வருஷம் திருத்த வேண்டும், ஒவ்வொரு துறையும் தன் பங்குக்குத் தனியாக ஒன்று எழுதி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். அவசரத்துக்கு 1077-ஐ அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும்.

எழுதுவது சுலபம். "பாதுகாப்பு மையம்: அரசுப் பள்ளி" என்று ஒரு வரி. அந்தப் பள்ளியின் சாவி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரிடம் இருக்கும்? தலைமையாசிரியர் தர்மபுரியில் குடியிருந்தால்? சத்துணவுக் கூடத்து அரிசியை எடுக்க யார் கையெழுத்துப் போட வேண்டும்? பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மாடுகளை எங்கே கட்டுவது? நம் பக்கத்துச் சம்சாரி மாட்டை விட்டுவிட்டு மேடேற மாட்டார். இது தெரியாமல் எழுதிய திட்டம் ஊருக்கு ஆகாது. ஓர் அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம்) அவசர எண்கள் பட்டியலைப் பார்த்தேன். அடித்து எழுதி, அதன் மேல் மறுபடியும் அடித்து எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். யாரோ கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஆள் மாறியதைக் கண்டு திருத்தியிருக்கிறார்கள். பளிச்சென்று பிரேம் போட்டு மாட்டிய பட்டியலைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

கடைசி அரை கிலோமீட்டர்தான் எங்கேயும் கஷ்டம். 1970-இல் அன்றைய கிழக்கு பாகிஸ்தானைப் புயல் தாக்கி லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அதன்பின் வங்கதேசம் கரையோரக் கிராமங்களில் தொண்டர்களைப் பழக்கி, கையில் மெகாபோனும் கொடியும் சைரனும் கொடுத்தது. ஆபீஸ் செய்தி வீட்டு வாசலுக்கு வந்தது அவர்கள் காலில்தான். அண்மைப் புயல்களில் அங்கே உயிர்ச்சேதம் எவ்வளவோ குறைந்துவிட்டது.

"அப்ப எங்க பெரியப்பாகிட்ட யாருண்ணா வருவாங்க?"

ஆட்சியரகத்திலிருந்து தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ., கிராம உதவியாளர் என்று செய்தி இறங்கும். அவர் மைக் வைத்துச் சொல்ல வேண்டும். அது அவர் கடமை என்றேன். ஆனால் அணைக்குள் ராத்திரி குடிசை போட்டுத் தங்கியிருப்பவர் காதில் அந்த மைக் விழாது. அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் பரிசல்காரர்களும்தான். அவர்கள் பெயரும் நம்பரும் அவசர எண்கள் பட்டியலில் ஏற வேண்டும். மழைக்கு முன்னால் நடக்கிற கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாகமரை தர்மபுரி மாவட்டம். எதிரே பண்ணவாடி சேலம். ஒட்டனூருக்கு எதிரே கோட்டையூர், அதுவும் சேலம். இந்தக் கரையில் தடை போட்டு அந்தக் கரையில் போடாவிட்டால் பரிசல் நடு ஆற்றில் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு ஆட்சியரகமும் ஒரே நேரத்தில் பேச வேண்டும்.

"சரி, இப்பவே தண்ணி ஏறுதுன்னு வெச்சுக்கோ. பண்ணவாடியில யாரைக் கூப்பிடுவே?" என்று கேட்டேன்.

தம்பி போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எங்க அத்தை மகன் அங்கதான் பரிசல் போடறான்" என்றார். கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.