தேரும் மகிழுந்தும்

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க, ஆண்டாளின் தேர் அசைந்து அசைந்து நகர்கிறது. அங்கே செலுத்தப்படும் விசை மிகப் பெரிது; தேரின் வேகமோ மிகச் சிறிது. விசையையும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பதே திறன் ஆகும். ஆகவே, அத்தனை பேர் இழுத்தும் அங்கு வெளிப்படும் திறன், தேரின் தோற்றம் உணர்த்துமளவு பெரிதன்று. மகிழுந்தின் விளம்பரத்தில் காணும் குதிரைத்திறனைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனே மெட்ரிக் குதிரைத்திறன்; இது 735.5 வாட்டுக்குச் சமம். ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தைக் குதிரையோடு ஒப்பிட்டு வகுத்த அளவோ ஏறத்தாழ 746 வாட். விளம்பரங்கள் இரண்டையும் கையாள்வதால், ஒரே எஞ்சினுக்கு இருவேறு எண்கள் தோன்றுவதுண்டு.

1983இல் வெளிவந்த மாருதி 800இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தந்தது. திருப்பெரும்புதூரை அடுத்த ஆலையில் உருவாகி 1998இல் வந்த சான்ட்ரோவின் திறன் 55. பின்னர் எஞ்சினின் கொள்ளளவு 999இலிருந்து 1086 ஆக உயர, திறன் 63 ஆயிற்று. 2018இல் வந்த புதிய சான்ட்ரோ, அதே 1086 கன சென்டிமீட்டரில் 69 தந்தது. கொள்ளளவு கூடாமல் திறன் கூடியதுதான் இங்கு வியப்பு. எரிபொருள் தெளிப்பையும் தீப்பொறியையும் மின்னணு முறையில் நுட்பமாகக் கட்டுப்படுத்துதல், உள்ளுறுப்புகளின் உராய்வைக் குறைத்தல் ஆகியவற்றால் இத்தகைய உயர்வு கைகூடுகிறது.

எனினும், அந்த 69 எப்போதும் கிடைப்பதன்று. எஞ்சின் நிமிடத்திற்கு 5500 முறை சுழலும்போது எட்டும் உச்சமே அது. திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைச் சீராகக் காக்க, சிறிய மகிழுந்தின் சக்கரங்களுக்குப் பத்துக்கும் குறைந்த குதிரைத்திறனே போதும். அதே நெடுஞ்சாலை தென்காசி, செங்கோட்டை கடந்து மலையேறுகிறது. அங்கே பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றைக் கற்பனை செய்க. ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள மகிழுந்து 36 கிலோமீட்டர் வேகத்தில் அதில் ஏறினால், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்கிறது. 1000ஐ 75ஆல் வகுத்தால், உயர்வதற்கு மட்டுமே 13க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் தேவை என்பது விளங்கும்.

முன்செல்லும் சரக்குந்தை முந்தும்போதுதான் உண்மையான சோதனை. நால்வர் அமர்ந்து குளிர்சாதனமும் இயங்கும் வேளையில், உயர் கியரில் எஞ்சின் 2000 சுழற்சியில் இருந்தால் உச்சத்திறனின் ஒரு பகுதியே கையில் இருக்கும். எதிரே பேருந்து வந்தால் விளம்பர எண் உதவாது. தேர்ந்த ஓட்டுநர் முந்தத் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்து எஞ்சினின் சுழற்சியை உயர்த்திக்கொள்கிறார்.