தமிழ்க் கோப்பு மட்டும் ஏன் பெருத்தது?

தோ பாயோவில் எங்கள் புளோக்கில் வசிக்கும் மூத்தோருக்காக, நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஓர் இணையப்பக்கம் உருவாக்கி வருகிறேன். உடற்பயிற்சி நேரம், கைவினை வகுப்பு, கூடும் இடம் எல்லாம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்கும். அவர்களில் பலர் வைத்திருப்பது பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய திறன்பேசி. பக்கம் மெதுவாகத் திறந்தால் காத்திருக்கமாட்டார்கள். மின்தூக்கி அருகே ஒட்டிய தாளே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

இத்தகைய பக்கங்களின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பல கோப்புகளில் இருக்கும். அவற்றை ஒன்றாக்கிச் சுருக்கித் தருவது தொகுப்பு மென்பொருள். நாங்கள் பயன்படுத்துவது இஎஸ்பில்ட். ஃபிக்மா நிறுவனத்தின் இணை நிறுவனர் இவான் வாலஸ் 2020ல் வெளியிட்டது. அதில் ‘மெட்டாஃபைல்’ வசதியை இயக்கினால், ஒவ்வொரு கோப்பும் எத்தனை பைட்டாக உள்ளே போனது, எத்தனை பைட்டாக வெளியே வந்தது என்று பதிவாகும். தொகுப்பு முடிந்தவுடன் அந்தப் பதிவைப் படித்து அட்டவணையாக்கும் செருகுநிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். அதன்பின் யாரும் நினைவூட்டாமலே ஒவ்வொரு முறையும் அறிக்கை வந்து நிற்கும்.

முதல் அறிக்கையிலேயே ஒரு விந்தை. மற்ற நிரல் கோப்புகள் இளைத்திருந்தன. தமிழ் வாசகங்கள் இருந்த கோப்போ ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது!

காரணம் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. ‘வணக்கம்’ என்ற சொல்லைக் கணினி 7 குறிகளாகச் சேமிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 21. ஆனால் இஎஸ்பில்ட் இயல்பாக ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்துகளை மட்டுமே வெளியிடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் 6 பைட் நீளமுள்ள குறியீடாக மாற்றிவிடும். ‘வணக்கம்’ 42 பைட் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் இதனால் பாதிப்பில்லை. சீனத்துக்கும் உண்டு, ஆனால் அது சில எழுத்துகளிலேயே செய்தியைச் சொல்லிவிடும்.

இஎஸ்பில்டைக் குறைசொல்ல முடியாது. தன் எழுத்துக் குறியீடு எதுவென்று பக்கம் அறிவிக்காவிட்டால் உலாவி எழுத்துகளைச் சிதைத்துக் காட்டக்கூடும். அதைத் தவிர்க்கவே இந்த முன்னெச்சரிக்கை. கோப்பைச் சுருக்கி அனுப்பும்போது இந்த வித்தியாசம் பெருமளவு குறையும் என்பதும் உண்மை. ஆனால் திறன்பேசிக்குள் வந்ததும் அது மீண்டும் விரிந்து, முழு நீளத்துக்கும் படிக்கப்பட வேண்டும்.

தீர்வு ஒரே வரி: எழுத்துக் குறியீட்டு அமைப்பை யுடிஎஃப்-8 என மாற்றினோம். பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை அறிவித்தோம். பிறகு மொழிக் கோப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். தமிழ் படிப்பவரின் திறன்பேசிக்கு மற்ற மூன்று மொழிகள் எதற்கு?

செருகுநிரலில் ஒரு விதியையும் சேர்த்திருக்கிறோம். எந்த மொழிக் கோப்பாவது உள்ளே போனதைவிடப் பெரிதாக வெளியே வந்தால், தொகுப்பு தோல்வி என்று அறிவிக்கப்படும். அந்தப் பதிப்பு வெளியிடப்படாது.