வெப்பம், ஒளி, ஒரு மேற்பரப்பு

காரில் வைக்கும் சிறு குளிர்பெட்டிகள் பலவற்றில் ஒரு தகடு இருக்கும். இரண்டு வெள்ளைப் பீங்கான் வில்லைகளுக்கு நடுவே, கருஞ்சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு கட்டிகள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் அவை பிஸ்மத் டெல்லூரைடால் ஆனவை. மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால் மின்சாரம் வரும். 1954இல் இங்கிலாந்தில் இயற்பியலாளர் கோல்ட்ஸ்மிட் இதன் குளிர்விக்கும் திறனைக் காட்டியதிலிருந்து, அறை வெப்பநிலையில் வேலை செய்யும் வெப்பமின் பொருள்களில் இதற்கே முதலிடம்.

2009இல் இதற்கு இன்னொரு குணமும் தெரியவந்தது. தூய படிகத்தின் உட்பகுதி மின்சாரத்தைத் தடுக்கும். மேற்பரப்பு மட்டும் கடத்தும். அங்கே எலக்ட்ரான்கள் நிறையே இல்லாதவைபோல ஓடுகின்றன. டோப்பாலஜிகல் இன்சுலேட்டர் என்று இவ்வகைப் பொருள்களுக்குப் பெயர்.

இரண்டு குணங்களுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் இதில் மிக அழகானது. பிஸ்மத்தும் டெல்லூரியமும் கனமான அணுக்கள். கனம் என்பதால் மெல்ல அதிர்கின்றன. வெப்பம் எளிதில் கடப்பதில்லை. அந்தக் கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரானின் சுழற்சியும் பாதையும் இறுகப் பிணைந்து, ஆற்றல் பட்டைகளை மேல்கீழாகப் புரட்டிவிடுகின்றன. மேற்பரப்பின் விந்தை அந்தப் புரட்டலில் பிறக்கிறது.

ஆனால் நல்ல வெப்பமின் பொருளுக்கு உள்ளே ஏராளமான மின்னூட்டங்கள் வேண்டும். அவை நிறைந்திருந்தால் மேற்பரப்பின் குரல் அமுங்கிவிடும். அந்தக் குரலைக் கேட்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உதவாது: ஆற்றல் இடைவெளி சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால், அந்த ஒளியைப் படிகம் விழுங்கும், அல்லது உலோகம்போல் பளபளத்துத் திருப்பிவிடும். அகச்சிவப்புக்கும் அப்பால், டெராஹெர்ட்ஸ் அலைகளுக்கு இறங்க வேண்டியிருந்தது.

2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்த்த, பிஸ்மத் டெல்லூரைடின் நெருங்கிய உறவான பிஸ்மத் செலினைடின் மென்படலங்களைக் குளிர்வித்து, காந்தப்புலத்தில் வைத்து, டெராஹெர்ட்ஸ் ஒளியை ஊடே அனுப்பினார்கள். ஒளி அதிரும் தளம் திரும்பியது. 1845இல் ஃபாரடே கண்ணாடியில் கண்ட திருப்பம் தடிமனுக்கேற்பக் கூடும்; இங்கே வலுவான புலத்தில் அது குறிப்பிட்ட படிகளில் பூட்டிக்கொண்டது. படியின் அளவைத் தீர்மானித்தது, ஏறத்தாழ 1/137 ஆன நுண்ணமைப்பு மாறிலி. ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு வலுவாக உறவாடுகின்றன என்பதைச் சொல்லும் இயற்கையின் எண் அது; ஒரு மெல்லிய படலத்தில் நேரடியாக வாசிக்கக் கிடைத்தது!

அதைவிட என்னைக் கவர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எம்.ஐ.டி.யில் நடந்த சோதனை. பிஸ்மத் செலினைடின் மேல் லேசர் பட்டதும் மின்னோட்டம் பிறந்தது. லேசர் பட்ட இடம் சூடாவதாலும் மின்னோட்டம் வரும். அது பழைய வெப்பமின் குணம். ஒளியின் சுழற்சியை இடமிருந்து வலமாக மாற்றினார்கள். சூடு மாறவில்லை, அதனால் வந்த மின்னோட்டமும் மாறவில்லை. மேற்பரப்பு எலக்ட்ரான்கள் தந்த பங்கு மட்டும் திசை திரும்பியது.