தாத்தாவின் நாட்டைத் தேடி வந்தவர்

என் தாத்தா ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். அவர் "நம்மூரு" என்று சொன்னால் அது கேமரன் மலை இல்லை, நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். சிறு வயதில் விட்டு வந்த ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்பார்.

ஆறாம் படிவம் முடித்த விடுமுறையில் அப்பாவோடு அந்த ஊருக்குப் போனேன். கிணறு வற்றி, குப்பை கிடந்தது. சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் போகும்வரை நான் "மலேசியாக்காரப் பொண்ணு"தான். திரும்பி வந்து தாத்தாவிடம் கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதை நினைவுபடுத்தியவர் ஹெர்மன் ஹெஸ்ஸே. பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய 'சித்தார்த்தா'வை ஆங்கிலத்தில் எடுத்தபோது, அது புத்தரின் வாழ்க்கை வரலாறு என்றே நினைத்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கதையின் நாயகன் சித்தார்த்தன் வேறு, புத்தர் வேறு. நண்பன் கோவிந்தன் புத்தரிடம் சீடனாகச் சேர்கிறான். சித்தார்த்தனோ அவரை வணங்கிவிட்டு, தன் வழியே போகிறான். கடைசியில் வாசுதேவன் என்ற ஓடக்காரரிடம் போய்ச் சேர்கிறான்.

ஜெர்மானியர் ஒருவருக்கு இந்தப் பெயர்களெல்லாம் எப்படி வந்தன? அங்கேயும் ஒரு தாத்தா இருக்கிறார். ஹெஸ்ஸே 1877இல் தென் ஜெர்மனியில் கால்வ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய அம்மா மரீ பிறந்ததோ கேரளாவின் தலச்சேரியில்! அம்மாவின் அப்பா ஹெர்மன் குண்டர்ட், 1836இல் சென்னைக்கு வந்த சமயப் பணியாளர். தமிழும் கற்றவர். 1872இல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதி இன்றும் பேசப்படுகிறது. கால்வ் வீட்டில் பேரன் பார்த்து வளர்ந்தது, தாத்தாவின் அலமாரியிலிருந்த இந்தியப் பொருள்களையும் அவர் பேசிய புரியாத மொழிகளையும்தான்.

பேரன் படிப்பில் பெயர் எடுக்கவில்லை. 14 வயதில் மௌல்பிரான் இறையியல் பள்ளியை விட்டு ஓடினார். மறுநாள் பிடிபட்டார். தாத்தாவைப் பார்க்க நடுங்கிக்கொண்டே போனவருக்குத் திட்டு விழவில்லை, கிண்டலான சிரிப்புதான் கிடைத்தது. பிறகு கடிகாரப் பட்டறையில் வேலை, புத்தகக் கடையில் வேலை. பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே எழுத்தாளரானவர்.

1911இல், 34 வயதில், ஓவிய நண்பர் ஒருவருடன் இத்தாலியின் ஜெனோவாவில் கப்பல் ஏறினார். வந்து இறங்கிய இடங்களில் ஒன்று நம் பினாங்கு! ஈ அண்ட் ஓ ஹோட்டலில் தங்கினார், சீன நாடகம் பார்த்தார். பிறகு சிங்கப்பூர், சுமத்ரா, இலங்கை. நம் பகுதியில் அவரைக் கவர்ந்தவர்கள் சீனர்கள்தாம். இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் பற்றி ஒருவித இரக்கத்தோடு எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு முள் குத்தியதுபோல் இருந்தது. தேடி வந்தவர்களையே அவர் சரியாகப் பார்க்கவில்லை.

வெயிலும் வயிற்றுக் கோளாறும் வாட்ட, இலங்கையோடு திரும்பிவிட்டார். தலச்சேரிக்குப் போகவில்லை. இந்திய மண்ணை மிதிக்கவே இல்லை. ஆனாலும் 1913இல் வந்த அவருடைய பயண நூலின் தலைப்பு 'இந்தியாவிலிருந்து'!

அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள், அவர் நுவரெலியாவிலிருந்து இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் ஏறிய நாள். உயரம் 2,524 மீட்டர். சுற்றிலும் தமிழர்கள் உழைத்த தேயிலை மலைகள். (அப்போது எங்கள் கேமரன் மலையில் தேயிலையே இல்லை. போ தோட்டம் தொடங்கியது 1929இல்தான்.) அதுவரை கண்டதையெல்லாம்விட அந்தக் குளிர்ந்த மலைக்காட்சியே தன்னிடம் அதிகம் பேசியது என்று எழுதினார். மூடுபனியில் வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது.

கைக்கு வராமல் போன அந்த இந்தியா, 'சித்தார்த்தா'வாக மாறப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அதிலும் முதல் பகுதியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. தேடலை எழுத முடிந்தது, கண்டடைந்ததை எழுத முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருந்துதான் மீதியை எழுதினார். நாவல் 1922இல் வந்தது. 1946இல் நோபல் பரிசு. திருச்சியில் 'சிவாஜி' இதழை நடத்திய திருலோக சீதாராம் அந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் படித்த பிறகு அதைத் தேடிப் படியுங்கள், ஓடக்காரர் தமிழில் இன்னும் நெருக்கமாகப் பேசுவார்.

போன விடுமுறையில் இந்தக் கதை முழுவதையும் தாத்தாவிடம் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த ஆளு கடைசி வரைக்கும் தலச்சேரிக்குப் போகலையா?"

"போகல தாத்தா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீ போனப்ப நம்மூரு கெணத்துல தண்ணி இருந்துச்சா?" என்றார்.

"இல்ல தாத்தா. வத்திப்போச்சு."

"தெரியும்மா. உங்கப்பன் அன்னிக்கே சொல்லிட்டான். நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."