மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு மீட்டர்

கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வாங்கி வைக்கிறோம். அதற்கு மின்சாரம் வந்து சேரும் வெளிப்புறப் பெட்டியைக் கவனிக்கிறோமா? பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மீட்டர் போர்டுக்கு முன்னால்தான் பைக் நிற்கும். பழைய மானிட்டர் அட்டைப்பெட்டிகளும் அங்கேதான் கிடக்கும்.

த்ரீ-பேஸ் இணைப்பில் இரு பேஸ்களுக்கு இடையே சுமார் 415 வோல்ட் இருக்கும். ப்யூஸ் போட வருபவர் கதவை முழுவதும் திறக்கவும், தீப்பொறி பறந்தால் சட்டென்று பின்வாங்கவும் இடம் வேண்டும். அதனால்தான் இத்தகைய சுவிட்ச்போர்டுகளுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலியிடம் வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே கூறின.

யு.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும். ஒயர் கருகும்போது மெயினை அணைக்க ஓடினால், பைக்கை நகர்த்திக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே டேப்பால் அளந்து, தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்குள் பூந்தொட்டிகூட வேண்டாம்.