கணிப்பொறிகளுக்கு ஒரு பொதுமொழி

ஐயப்பன்தாங்கலில் ஒரு வீட்டில் மாலை ஆறரை மணிக்கு விளக்கைப் போடுகிறார்கள். விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்ததா, கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து வந்ததா, முப்பந்தல் காற்றாலையிலிருந்து வந்ததா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லா மின் நிலையங்களும் ஒரே தொகுப்பில் இணைந்திருக்கின்றன அல்லவா?

இப்படி இணைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நம் நாட்டில் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. ஒரே தொகுப்பில் சேரும் நிலையங்கள் யாவும் ஒரே தாளத்தில் அலைய வேண்டும். தென்னிந்திய மின் தொகுப்பு நெடுங்காலம் தனித் தாளத்திலேயே இயங்கி வந்தது. வடக்கேயிருந்து வரும் மின்சாரத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றித்தான் இங்கே பெற முடிந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடம் இணைக்கப்பட்ட பிறகே நாடு முழுவதும் ஒரே தாளம் என்றாயிற்று.

மின்சாரத்தைப் போலவே கணிக்கும் ஆற்றலையும் பகிர்ந்துகொள்ள முடியுமா? முடியும் என்கிறது 'கிரிட் கணிப்பு' என்னும் துறை.

பல ஊர், ஒரே கணிப்பொறி

புயலின் பாதையைக் கணிப்பது, புரத மூலக்கூறு எப்படி மடிகிறது என்று ஆராய்வது போன்ற வேலைகளுக்கு ஒரு கணிப்பொறி போதாது. ஓர் ஆய்வகத்தின் கணிப்பொறிகள் வேலைப் பளுவில் திணறும் அதே வேளையில், வேறோர் ஊரில் உள்ளவை சும்மா இருக்கலாம். இவற்றை இணைத்து, எங்கே இடம் உண்டோ அங்கே வேலையை அனுப்பினால் என்ன? அமெரிக்காவில் இயான் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் ஆகியோர் 1990களில் இந்தக் கருத்தை வளர்த்தார்கள். மின் தொகுப்பை மனத்தில் கொண்டே 'கிரிட்' என்ற பெயர் வழங்கலாயிற்று. இதற்காக உருவான மென்பொருளின் பெயர் குளோபஸ்.

நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 'கருடா' என்ற தேசிய கிரிட்டை அமைத்தது. 17 நகரங்களைச் சேர்ந்த 45 நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. ஐ.ஐ.டி.களும் அவற்றுள் இருந்தன. சென்னையும் அந்த வலையில் ஒரு கண்ணி.

மின் தொகுப்புக்குத் தாளம் எப்படியோ, கணிப்பொறிகளின் தொகுப்புக்கு மொழி அப்படி. ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் ஒவ்வொரு விதம். "இந்த வேலையை எடுத்துக்கொள்", "எவ்வளவு முடிந்தது?" என்று ஒன்றையொன்று கேட்க எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு வேண்டும். அதையே தரநிலை என்கிறோம்.

தையற்கடை ரசீது

2000ஆம் ஆண்டையொட்டி வணிக உலகில் 'இணையச் சேவை' என்ற முறை பரவியது. ஒரு கணிப்பொறி கடிதம் போல ஒரு செய்தியை அனுப்பும். மற்றது பதில் எழுதும். அவ்வளவுதான். இம்முறையில் ஒரு குணம் உண்டு: பதில் அனுப்பியதும் கேட்டவரை மறந்துவிடலாம்.

தங்கத்தின் விலை என்ன என்று கேட்டால், சொல்லிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் மூன்று நாள் ஓடும் கணக்கை ஒப்படைத்தால்?

தையற்கடையை நினைத்துப் பாருங்கள். துணியைக் கொடுத்தால் எண்ணிட்ட ரசீது தருவார்கள். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால், தையற்காரர் நோட்டைப் புரட்டி நம் சட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார். ரசீதும் நோட்டும் இல்லாவிட்டால் நம் துணி எது என்று யாருக்குத் தெரியும்? கிரிட்டுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. ரசீது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் போட்டி மூண்டது.

போட்டியிட்ட தரநிலைகள்

முதலில் 2003இல் ஓ.ஜி.எஸ்.ஐ. என்ற தரநிலை வந்தது. அது இணையச் சேவைகளை விவரிக்கும் வழக்கமான மொழியையே நீட்டித்து எழுதியது. விளைவு, கடைகளில் கிடைத்த கருவிகளால் அதைப் படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் திணித்துவிட்டார்கள் என்ற குறையும் எழுந்தது.

2004 ஜனவரியில் குளோபஸ் குழுவினரும் ஐ.பி.எம். முதலிய நிறுவனங்களும் அதற்குப் பதிலாக டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப். என்பதை அறிவித்தனர். ஓ.ஜி.எஸ்.ஐ.யை நம்பி நிரல் எழுதியவர்கள் ஓராண்டுக்குள் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று! அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் வேறு சில நிறுவனங்களும் டபிள்யூ.எஸ். டிரான்ஸ்ஃபர் என்ற வேறொரு வழியை வெளியிட்டன.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? முதல் வழியில் ரசீதைக் காட்டி, "கை மட்டும் தைத்தாயிற்றா?" என்று தனியாகக் கேட்கலாம். "வெள்ளிக்கிழமை வரை வைத்திருங்கள், பிறகு கணக்கை முடித்துவிடுங்கள்" என்று காலக்கெடுவும் சொல்லலாம். இரண்டாவது வழியில் நான்கே கட்டளைகள்: உண்டாக்கு, கொடு, மாற்று, நீக்கு. கேட்டால் முழு விவரத்தையும் தரும். முன்னதில் வசதி அதிகம். பின்னதில் எளிமை அதிகம்.

2006 மார்ச்சில் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், எச்.பி., இன்டெல் ஆகிய நான்கும் இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கப் போவதாக அறிவித்தன. அடுத்த மாதமே டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப். முறைப்படி ஒப்புதல் பெற்றது. அதாவது, ஒப்புதல் பெறும்போதே அதன் இடத்துக்கு இன்னொன்று தயாராகிக்கொண்டிருந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் ஆய்வகத்தார் இந்நிலையில் என்ன செய்வார்கள்? காத்திருந்தால் வேலை நடக்காது. அவசரப்பட்டால் உழைப்பு வீணாகும். ஏட்டில் எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பது பயன் தராது. கேட்க வேண்டியவை மூன்று. அதில் ஓடும் மென்பொருள் இன்று கையில் உண்டா? நாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் அதைப் பேசுகிறார்களா? நாளை அது கைவிடப்பட்டால் நம் நிரலில் எவ்வளவு பகுதி வீணாகும்?

கருடா நடைமுறை வழியைப் பின்பற்றியது. சோதனைக் கட்டத்துக்குப் பிந்திய அடித்தளக் கட்டத்துக்கு, குளோபஸின் நிலைபெற்ற நான்காம் பதிப்பை எடுத்துக்கொண்டது. டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப்.ஐப் பின்பற்றிய பதிப்பு அது. அதனுடன் சொந்தமாக உருவாக்கிய பகுதிகளையும் பிறரிடம் கிடைத்தவற்றையும் கலந்து கட்டியது.

மூன்றாவது கேள்விக்கு விடை நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கு நம் செருகி பொருந்தாவிட்டால், இடையில் ஓர் அடாப்டரைப் போடுகிறோம். மின்விசிறியைத் தூக்கி எறிவதில்லை. அதுபோலவே, புயலைக் கணிக்கும் நிரலையும் தரநிலையில் பேசும் நிரலையும் தனித்தனியே எழுத வேண்டும். தரநிலை மாறினால் நடுவில் உள்ள மெல்லிய அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

போட்டியில் வென்றது யார் தெரியுமா? 2010இல் வந்த குளோபஸ் ஐந்தாம் பதிப்பு, டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப்.ஐக் கைவிட்டு, வேலைகளை ஒப்படைக்கப் பழைய எளிய முறைக்கே திரும்பியது. அந்த மென்பொருள் தொகுப்புக்கான ஆதரவும் 2018 ஜனவரியில் நின்றது. இன்று பரவலாக வழங்குவது, ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் விளக்கிய 'ரெஸ்ட்' முறை. இணையப் பக்கங்களைப் பெற முன்பே வழக்கிலிருந்த சில எளிய கட்டளைகளே அதற்குப் போதும். தரநிலைகள் வந்தன, போயின. அவற்றோடு ஒட்டாமல் தனியே எழுதப்பட்ட கணக்குகள் பிழைத்தன.

செய்து பாருங்கள்: வகுப்பில் ஒரு மாணவர் தையற்காரர் ஆகட்டும், ஐந்து பேர் வேலை கொடுக்கட்டும். முதலில் ரசீதும் நோட்டும் இல்லாமல், பிறகு அவற்றுடன் ஆடிப் பாருங்கள். ரசீதில் என்னென்ன எழுத வேண்டும் என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே விதி வகுக்கட்டும். ஒரு குழுவின் ரசீதை மறு குழுவின் கடையில் நீட்டும்போது என்ன ஆகிறது என்று கவனியுங்கள்!